தொரையின் நாற்காலி

அலசூர், பெங்களூர்
19 ஆகஸ்ட் 2002

அன்புள்ள ஜூடித்துக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. நீயாவது நலமாக இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். சைபர் கஃபேயில் தமிழ் அடிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால் விஷயம் பாதி பொய்யாகிவிடும். அதனால்தான் தபால்.

உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நடக்கச் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது. பீன்யாவில் எங்கள் பட்டறையில் மறுபடியும் ஆட்குறைப்புப் பேச்சு. வாசலில் யூனியன் போஸ்டர் ஒட்டியது நான்தான் என்று சூப்பர்வைசருக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஹேக் நகரத்துப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிற வேலை. சட்டம் படித்த நம் தெருப் பெண்ணுக்கு அது கிடைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் கோர்ட்டுக்கு 1991க்கு முன்னால் செத்தவன் பிணம் இல்லை. புதிதாகத் தொடங்கியிருக்கிறார்களே இன்னொரு கோர்ட், அதற்குப் போன மாதம் ஒன்றாம் தேதிக்கு முன்னால் செத்தவன் பிணம் இல்லை. ரயிலோடு பாலத்தைக் குண்டு போட்டு உடைத்த பெரிய நாட்டுக்காரர்கள் மேல் விசாரணையே தேவையில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். அமெரிக்காக்காரன் இந்த மாதம் ஒரு சட்டமே போட்டிருக்கிறான்: தன் சிப்பாயை அங்கே பிடித்து வைத்தால் எதைச் செய்தாவது மீட்பானாம். உன் விடுதி கடற்கரைப் பக்கம்தானே? போர்க்கப்பல் தெரிந்தால் எழுது.

கோபப்படாதே. நீ செய்கிற வேலையைக் குறை சொல்லவில்லை. இன்று எனக்கு உன்னிடம் ஒரு சட்டச் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் காப்டன் தொரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் கடைசி ஞாயிறு அன்று தெருவில் உங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் சாத்திவிடுவார்கள். பேய்க்குப் படைப்பதைக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று உன் அப்பா சொல்வார். அதனால் நீ அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த தொரையின் கல்லறைக்கு முன் ஒரு மர நாற்காலி போடுவார்கள். பிராந்தி, சுருட்டு, ரொட்டி, ஆட்டுக்கறி வறுவல் எல்லாம் வரும். நாற்காலியில் என் அண்ணன் நாகேஷ் உட்காருவான். அப்பா இருந்தவரை அப்பா. அவருக்குப் பிறகு தொரை இவன்மேல்தான் வருகிறார். நாள் முழுக்க ஆட்டோவில் குனிந்து குனிந்து கூன் விழுந்தவன், தொரை வந்ததும் காலை நீட்டிக்கொண்டு முகவாயைத் தூக்கி உட்காருவான். அதே நேரம் மதிலுக்கு வெளியே, கிழக்குப் பக்கம், வரிசையாகப் பதினோரு வாழையிலை போட்டு உப்பில்லாத சோறு வைப்பார்கள். யாருக்கு என்று கேட்டால், கூட வந்தவங்களுக்கு என்பார்கள். தொரையின் பரிவாரம் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆபீசர்கள் மெஸ்ஸில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றாரே எதிராஜ் மாமா, அவர் தொரைக்கு எதிரில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். யார் சொன்னது? தொரை சிரிப்பார், கெட்ட வார்த்தையில் திட்டுவார், பாட்டிலுக்குக் கையை நீட்டுவார். மாமா விடமாட்டார். குடிக்கிறது அப்பால, முதல்ல பதில் சொல்லு தொரை என்று மிரட்டுவார். ஒரு மணி நேரமானாலும் ஆகும். கடைசியில் தொரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் சொன்னேன் என்பார். அந்த ஒரு வார்த்தை வந்ததும் தெரு மொத்தமும் மூச்சு விடும். இலைகளை எடுத்துவிடுவார்கள். பிராந்தியும் அதற்குப் பிறகுதான்.

எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். புத்த விகாரைக்குப் போகிறவன் நான். செத்த வெள்ளைக்காரனுக்கும் சாராயம் ஊற்றிக் கும்பிடுகிற ஜாதி நம்மைத் தவிர எதுவும் இல்லை என்று நாகேஷோடு எத்தனையோ வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து ஆல்டன் என்று ஒருவர் வந்தார். தொரையின் கொள்ளுப்பேரன். அந்த இடத்தை ஒரு பில்டர் வாங்கிவிட்டதால், கல்லையும் எலும்பையும் தங்கள் ஊர்ச் சர்ச்சுக்குக் கொண்டுபோக எல்லா அனுமதியும் வாங்கி வந்திருந்தார். இங்கிலீஷ் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், ஜூடித். போஸ்னியாவுக்கு லாரியில் கம்பளி ஏற்றிக்கொண்டு போனவராம். உத்தரவு போட்டவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

கல்லில் இருந்த எண்ணெயையும் கரியையும் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார்கள். பர்மாவில் வீரம் காட்டியவர், தன் சிப்பாய்களின் அன்புக்குரியவர் என்று எழுத்து தெரிந்தது. பர்மாவில் என்ன செய்தார் என்று கேட்டேன். ஆல்டன் மறைக்கவில்லை. 1886. முகாமில் ஒரு துப்பாக்கி காணாமல் போனது. ஆற்றங்கரைக் கிராமத்து ஆட்களைப் பிடித்துவந்து, கையைப் பின்னால் கட்டி, மண்டியிட வைத்து, வரிசையாகச் சுட உத்தரவிட்டார். பிறகு விசாரணை நடந்தது. அவசரப்பட்டுவிட்டார் என்று எழுதினார்கள். இரண்டு வருடத்தில் பதவி உயர்வு. எத்தனை பேர் என்று கேட்டேன். கொள்ளையர்கள் சிலர் என்றுதான் ஆவணத்தில் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை என்றார்.

பதினொன்று என்று என் வாயில் வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் எதிராஜ் மாமாவைப் பிடித்து உட்கார வைத்தேன். சுட்டது நம் தெருவிலிருந்து போன சிப்பாய்கள் என்றார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட விடப்படாத நம் ஆட்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றியிருக்கிறான். திரும்பி வரும்போது இவர்கள் மட்டும் வரவில்லை, செத்தவர்களும் கூடவே வந்தார்கள். தொரை காய்ச்சலில் செத்ததும் நம் ஆட்கள் செய்த ஏற்பாடுதான் இது. தின்னக் கொடுத்து, குடிக்கக் கொடுத்து, அவரை அங்கேயே பிடித்து வைத்து, வருடத்துக்கு ஒரு முறை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. மாமா சொன்னார்: "கோயில்னு எவன்டா சொன்னான்? அது கோர்ட்டு."

எலும்பை வேனில் ஏற்றியபோது மாமா குறுக்கே போய் நின்றார். குற்றவாளியை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது என்று அவரிடம் சொல்லு என்றார். சொன்னேன். எவ்வளவு அழகான நம்பிக்கை என்றார் ஆல்டன். நீ இருக்கிற ஊருக்குக் குற்றவாளிகளை விமானத்தில் கொண்டுவருகிறார்கள். எங்கள் குற்றவாளியை விமானத்தில் கொண்டுபோய்விட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு ஆடிப் படையல். குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேலேயே நாற்காலியைப் போட்டு நாகேஷை உட்கார வைத்தார்கள். மாமா கேட்டார், யார் சொன்னது? நாகேஷ் காலை நீட்டவில்லை. நாற்காலியிலிருந்து மெதுவாக வழுக்கி இறங்கினான். கிழக்கு மதில் பக்கம் போய் மண்டியிட்டான். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் மணிக்கட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டான். மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். மதிலுக்கு வெளியே இலைச் சோற்றுக்கு ஒரு காக்காய்கூட வரவில்லை.

நாகேஷ் இன்னும் அப்படியே இருக்கிறான்.

என் சந்தேகம் இதுதான். குற்றவாளி கையில் இல்லாவிட்டால் உங்கள் கோர்ட்டில் என்ன செய்வீர்கள்? அதுவரை சாட்சிகள் எங்கே போய் உட்காருவார்கள்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் தொடங்கும் முன் நல்ல ஷூ வாங்கிக்கொள்.

அன்புடன்,
அசோகன்


அலசூர், பெங்களூர்
22 செப்டம்பர் 2002

அன்புள்ள ஜூடித்துக்கு,

உன் பதில் வந்தது. குற்றவாளி இல்லாமல் அங்கே விசாரணை தொடங்காது என்று எழுதியிருக்கிறாய். தெரிந்துகொண்டேன். நாகேஷை டாக்டரிடம் காட்டச் சொன்னாய். நீ சொல்வதற்கு முன்பே காட்டிவிட்டேன். நான் மந்திரவாதியைத் தேடிப் போகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

டாக்டர் சட்டைக் கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எங்கள்மேல் பாய்ந்தார். மனநோயாளியைக் கயிற்றால் கட்டுவது குற்றம், யார் கட்டியது என்று கேட்டார். யாரும் கட்டவில்லை. ஆனால் இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம் இருக்கிறது. சௌம்யா அண்ணி அழுதார். டாக்டர் அதை நம்பவில்லை. மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் நாகேஷ் தூங்குகிறான். தூங்கும்போதும் கை பின்னால்தான்.

வீட்டில் கிழக்குச் சுவர் ஓரம் மண்டியிட்டு உட்காருகிறான். உப்புப் போட்டுக் கொடுத்தால் துப்புகிறான். உப்பில்லாத சோற்றை அண்ணி ஊட்டினால் சாப்பிடுகிறான். முதல் வாரம் அவன் உட்கார்ந்தது வாசலை ஒட்டிய மூலையில். அவனுக்கு இடப்பக்கம் சுவர் முழுக்கக் காலி. நாகேஷின் பாப்பா அனுஷா இப்போது தவழ்கிறாள். அந்தக் காலி இடத்தின் குறுக்கே அவள் போவதே இல்லை. அடுப்படிக்குப் போக அதுதான் நேர்வழி. ஆனாலும் சுற்றிக்கொண்டு போகிறாள், மேஜை நாற்காலியைச் சுற்றுகிற மாதிரி. நடுவில் ஓரிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள்.

அண்ணிதான் முதலில் கவனித்தார். நாகேஷ் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்கிறான். அவன் நகர நகரப் பாப்பா சுற்றிப் போகிற தூரமும் குறைகிறது. அந்தப் பக்கம் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிற மாதிரி. சுவர் எங்கே முடிகிறது என்று நான் அளக்கவில்லை. அளக்கவும் மாட்டேன்.

வெளியே காவிரித் தகராறு. கேபிளில் தமிழ்ச் சேனல்களை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, தமிழன் பயந்து வண்டி எடுக்கவில்லை என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆல்டனுக்கு மெயில் அனுப்பினேன். பணம் வேண்டாம், கல் வேண்டாம், மன்னிப்புகூட வேண்டாம். உங்கள் கொள்ளுத்தாத்தாதான் உத்தரவு போட்டார் என்று அவர் சார்பில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், போனில் சொன்னால்கூடப் போதும் என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. நாகேஷுக்காகப் பிரார்த்திக்கிறாராம். ஆனால் அது வேறு காலம். விசாரணை நடந்து முடிந்த விஷயம். குடும்பத்தில் மற்றவர்களையும் கேட்க வேண்டும். பதினொன்று என்பதற்குச் சான்று இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்வது வரலாற்றுக்குச் செய்கிற நியாயம் ஆகாது. போஸ்னியாவுக்குக் கம்பளி ஏற்றிப் போனவர்தான் இதை எழுதினார். பொய்யாக எழுதியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே அவருக்குப் போஸ்னியாவும் பர்மாவும் ஒன்றாகத் தெரியவில்லை.

எதிராஜ் மாமாவை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நீங்களே நான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "நான் பிளேட்டு கழுவுனவன்டா. ஆர்டர் குடுத்தவன் மூஞ்சி எது, என் மூஞ்சி எதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். உனக்கு எழுத வேண்டாம் என்றார். எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கப்பலில் உங்கள் வீட்டுப் பெரியவரும் இருந்தார். திரும்பி வந்த வருடமே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஏசு அவரைக் காப்பாற்றினாரா என்று மாமாவைக் கேட்டேன். தெரியாது, ஆனால் அந்த வீட்டில் கிழக்கே பார்த்து யாரும் உட்காருவதில்லை என்றார். உன் அப்பாவிடம் இதைக் கேட்காதே.

வரும் ஞாயிறு நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அண்ணன் எனக்கு ஒருவன்தான் இருக்கிறான். என்ன பதில் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது என்பதில் தெளிவாக இருக்கிறேன்.

நீ வேலையில் கவனமாக இரு. ராத்திரியில் தனியாக ரொம்ப நேரம் அந்தக் காகிதங்களைப் படிக்காதே.

அன்புடன்,
அசோகன்


அலசூர், பெங்களூர்
14 அக்டோபர் 2002

அன்புள்ள ஜூடித்துக்கு,

கையெழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. நான் சொல்லச் சொல்ல சௌம்யா அண்ணி எழுதுகிறார். எழுத்துப் பிழை இருந்தால் அவருடையது, கோபம் இருந்தால் என்னுடையது.

முதலில் நல்ல செய்தி. நாகேஷ் எழுந்துவிட்டான். சாப்பிடுகிறான். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று அண்ணியோடு சண்டை போடுகிறான். முந்தாநாள் ஆட்டோ எடுத்துக்கொண்டு ஒக்கலிபுரம் வரை சவாரி போய்வந்தான். மணிக்கட்டுத் தடம் மங்கிவிட்டது. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டால், ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்கிறான். வேறு எதுவும் நினைவில்லையாம். பாப்பா இப்போது அடுப்படிக்கு நேராகவே போகிறாள்.

அந்த ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நாகேஷைத் தூக்கிவந்து மதில் ஓரம் விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்மேல் யாரும் வரவில்லை. தலை சுற்றவில்லை, குரல் மாறவில்லை. பசித்தது, கொசு கடித்தது, அவ்வளவுதான். மாமா எதிரில் வந்து நின்றார். கேட்டார். யார் சொன்னது?

நான் சொன்னேன்: "அவன் சொன்னான். சுட்டது நாங்க."

இதைத் தெருவில் யாரும் சொன்னதில்லை, ஜூடித். நூறு வருடத்துக்கு மேலாக அவன் சொன்னதை மட்டும் அவன் வாயால் வாங்கிக்கொண்டு, நாம் செய்ததைப் பற்றி வாயே திறந்ததில்லை. சொல்லி முடித்ததும் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு கிழவி எழுந்து போய்விட்டாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. மதில் பக்கம் நாகேஷ் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தான். பிறகு தண்ணீர் கேட்டான். சௌம்யா அண்ணி இந்த இடத்தை எழுதும்போது கொஞ்சம் நிறுத்தினார். இப்போது மறுபடி எழுதுகிறார்.

தெருவுக்கே சந்தோஷம். பிராந்தி வீணாகக் கூடாது என்று மாமாவே முழு பாட்டிலையும் முடித்துவிட்டு, தொரை நல்ல சரக்குதான் குடித்திருக்கிறான் என்றார்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். இடது கை தானாக முன்னால் நீண்டு தோள் உயரத்துக்கு வந்தது. வலது கை மடங்கி கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சூப்பர்வைசர் தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக் கத்தினான். இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் விட்டதும் கை மறுபடி அதே இடத்துக்குப் போய்விட்டது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக மடங்கி நிற்கிறது.

இந்த நிலை என்னவென்று எனக்குத் தெரியும். பரேட் மைதானத்தில் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுப்பதைச் சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே வேலி வழியாகப் பார்த்தோம்.

டாக்டர் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். மாத்திரை போட்டுத் தூங்குகிறேன், கை தூங்குவதில்லை. அண்ணிதான் ஊட்டிவிடுகிறார். யூனியனில் பேசி மருத்துவ விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிவது இதுதான். சுட்டது நாங்கள் என்று சொன்னேன். அவர்கள் நம்பிவிட்டார்கள். நியாயம். ஆனால் இது உத்தரவுக்காகத் தூக்கிய கை. உத்தரவு போட்டவன் வந்து, நான்தான் சொன்னேன் என்று சொல்லாமல், அதற்கு இறங்கத் தெரியவில்லை. அவனோ இங்கிலாந்தில் பூ வைத்த கல்லுக்குக் கீழே நிம்மதியாக இருக்கிறான். ஆல்டனுக்கு மறுபடியும் மெயில் போட்டாயிற்று. இன்னும் பதில் இல்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை வாக்குமூலம் படிக்கிறாய். கீழே இருந்தவன் எல்லாம், எனக்குச் சொன்னார்கள் செய்தேன் என்கிறான். மேலே இருந்தவன் எல்லாம், நான் சொல்லவே இல்லை என்கிறான். என்றைக்காவது ஒருவன், ஒரே ஒருவன், யாரும் அடிக்காமல் மிரட்டாமல் எழுந்து நின்று, நான்தான் உத்தரவு போட்டேன் என்று சொல்லியிருக்கிறானா? எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி. பெரிய நாட்டுக்காரன் உங்கள் கூண்டுக்கு வரமாட்டான் என்று எனக்குத் தெரியும், சின்ன நாட்டுக்காரனாக இருந்தாலும் போதும். இருந்தால் அந்த வரியை மட்டும் எழுதி அனுப்பு. மதில் பக்கம் நின்று அதைப் படித்துப் பார்க்கிறேன். வேறு ஒருவனுடைய வார்த்தையை இந்தக் கை ஏற்றுக்கொள்ளுமா என்று தெரியாது.

அவசரம் இல்லை என்று எழுதச் சொன்னேன். அண்ணி, அவசரம் என்று எழுதுவேன் என்கிறார். அனுஷாவை நேற்று அண்ணியின் அம்மா வீட்டுக்கு, அத்திபெலேவுக்கு, அனுப்பிவிட்டோம். தவழ்கிற பிள்ளை, எந்த நேரம் எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. நான்தான் அனுப்பச் சொன்னேன். விரல் நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக மடங்கியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று பல வருடமாகப் பாக்கி இருக்கிறது. அதை அண்ணியை வைத்து எழுத முடியாது. முன்வாசல் வழியாக வராதே. பின்கட்டு வழியாக வந்து, எனக்குப் பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எதிரில் மட்டும் வந்து நிற்காதே, ஜூடித்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அசோகன்